மொரீஷியஸ், ரீயூனியன், மடகாஸ்கர், கென்யா: ஐந்து பேர், பத்து லட்சம், கோடை விடுமுறை. தேறுமா?

கடற்கரைச்சாலை

எல்லாருக்கும் வணக்கம். வர்ற மே மாசம் பிள்ளைங்க லீவுல குடும்பத்தோட ஒரு பெரிய சுத்து சுத்திட்டு வரலாம்னு இருக்கோம். நானும் வீட்டுக்காரரும், பொண்ணு (12), பையன் (8), மாமியார் (66). ஊர் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. மொத்தம் பத்து லட்சம்தான் ஒதுக்க முடியும்.

இப்போதைக்குப் போட்டு வச்சிருக்கிற திட்டம்: மொரீஷியஸ் 4 ராத்திரி, ரீயூனியன் 4, மடகாஸ்கர் 5, கென்யா 4. கடலும் வேணும், கண்ணுக்கெட்டின வரைக்கும் புல்வெளியும் வேணும்னு பையனும் அவங்க அப்பாவும் ஒரே பிடிவாதம். மாமியாருக்கு ரீயூனியன் மட்டும் போதும். அவங்க சித்தப்பா பிள்ளைங்க அங்க சேன் தெனிங்கிற ஊர்ல இருக்காங்க. கல்யாணப் பத்திரிகை அனுப்புறதோட உறவு நின்னு போச்சு, ஒரு தரம் நேர்ல பாத்துட்டு வந்துடணும்ங்கிறாங்க.

ஒரு டிராவல்ஸ்ல கேட்டேன். தலைக்கு மூணரை லட்சம்னாங்க. எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் குடுங்கன்னா, "அதெல்லாம் பேக்கேஜ் மேடம்"னு முடிச்சுட்டாங்க. அதான் நாமளே கணக்குப் போடலாம்னு இங்க வந்தேன். எதுல கை வைக்கலாம், எதை விடலாம்?

வில்லியனூர் வாத்தியார்

நாலு நாடு, பதினேழு ராத்திரி. ஒரு நாட்டை விட்டு அடுத்த நாட்டுக்குப் போற நாள் வெறும் பயண நாள்தாம்மா. காலையில பெட்டி கட்டி, அறையைக் காலி பண்ணி, மூணு மணி நேரம் முன்னால ஏர்போர்ட் போய், இறங்கி, இமிக்ரேஷன் வரிசையில நின்னு, புது ஊர்ல சிம் வாங்கி, அறைக்குப் போய்ச் சேர்ந்தா பொழுது சாஞ்சிருக்கும். அந்த நாளெல்லாம் கழிச்சுட்டு மீதி எத்தனை பகல்னு எழுதிப் பாருங்க. ஊர் பார்க்கப் போறீங்களா, ஏர்போர்ட் பார்க்கப் போறீங்களா?

சில்வர் பீச்

வாத்தியார் எப்பவும் இப்படித்தான். அக்கா, எதை விட்டாலும் மடகாஸ்கரை விட்டுடாதீங்க. பாவோபாப் மரமும் குரங்கு மாதிரி இருக்கிற லெமூரும் அங்க போனாத்தான். சாப்பாடு, தங்குறது எல்லாம் மத்த மூணையும் விடச் சீப்பு.

சொல்தா பேரன்

சீப்புதான் தம்பி, ஆனா அது கையில பையை மாட்டிக்கிட்டுத் தனியாப் போற உனக்கு. 66 வயசு அம்மாவோட போறவங்களுக்கு இல்ல. மடகாஸ்கர் தீவுன்னு பேருதான். பரப்பு 5,87,000 ச.கி.மீ. தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்கு. தலைநகர் அன்டனனரிவோவுல இருந்து தெற்கே தூலியார் வரைக்கும் போற ஏழாம் நம்பர் நெடுஞ்சாலை கிட்டத்தட்ட 950 கி.மீ. ராத்திரியில ஓட்ட வேணாம்னு எல்லாரும் சொல்ற சாலை. அதை முடிக்கவே ரெண்டு மூணு நாள் வேணும். அஞ்சு ராத்திரியில வண்டிச் சீட்டைத்தான் பாப்பாங்க. மடகாஸ்கருக்குன்னு தனியா ஒரு மாசம் வச்சுப் போங்க.

இப்போ ரீயூனியன். நான் அங்க படிச்சவன். வீட்ல எல்லாருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட், அதனால எங்களுக்கு அது உள்ளூர் மாதிரி. உங்களுக்கு அப்படி இல்ல. நம்ம ஊர்ல பலபேர் நினைக்கிற மாதிரி, ஐரோப்பா போற ஷெங்கன் விசா இருந்தா ரீயூனியனுக்குள்ள விட்டுடுவாங்கன்னு இல்லக்கா. ரீயூனியன் பிரான்ஸோட மாகாணம், செலவுக்கு யூரோ, ஆனா ஷெங்கன் வட்டத்துக்கு வெளியில. விசாவுல ரீயூனியனுக்குச் செல்லும்னு எழுதியிருக்கணும். அங்கீகாரம் உள்ள ஏஜென்சி வழியாக் குழுவாப் போறவங்களுக்குச் சில சலுகை உண்டு, அதையும் கேட்டுப் பாருங்க.

உங்க மாமியார் சொந்தக்காரங்க வீட்ல தங்குறதா இருந்தா, அவங்க ஊர் மேரியில, அதாவது நகராட்சி ஆபீஸ்ல போய் "அத்தெஸ்தசியோன் தக்கேய்"னு ஒரு சான்று வாங்கி அசலை இங்க தபால்ல அனுப்பணும். அதுக்கு 30 யூரோ ஸ்டாம்ப். சம்பளச் சீட்டு, வீட்டு அளவு எல்லாம் கேப்பாங்க. இன்னைக்கே போன் போட்டுச் சொல்லிடுங்க, அங்க மேரியில அவசரம்ங்கிற பேச்சே கிடையாது.

கடற்கரைச்சாலை

நன்றி தம்பி. மடகாஸ்கரை எடுத்தாச்சு. பையன் லெமூர் படத்தைச் செவுத்துல ஒட்டி வச்சிருந்தான், அதை நான் பாத்துக்கிறேன். மொரீஷியஸுக்கு விசா வேணுமா?

சொல்தா பேரன்

இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி எடுக்க வேணாம், இறங்கினதும் இலவசமாப் போட்டுக் குடுப்பாங்க. திரும்புற டிக்கெட், தங்குற இடத்துக்கான தாள், கையில பணம் இருக்குன்னு காட்ட ஏதாவது ஒண்ணு, இந்த மூணும் பேப்பர்ல எடுத்துட்டுப் போங்க. போன்ல காட்டிக்கலாம்னு போய் சார்ஜ் இல்லாம நின்னவங்களைப் பாத்திருக்கேன்.

மொரீஷியஸ்ல கடலோர ஹோட்டலே வேணும்னு இல்ல. கத்ர் போர்ன், கியூர்பைப் பக்கம் அபார்ட்மென்ட் எடுத்தா வாடகை இறங்கும். போர்ட் லூயிஸ்ல இருந்து கியூர்பைப் வரைக்கும் மெட்ரோ ஓடுது, மத்த இடத்துக்கு பஸ். ஆனா மே மாசம் அங்க குளிர்காலத்தோட ஆரம்பம், ஆறு மணிக்குள்ள இருட்டிடும். பஸ்ஸும் சீக்கிரம் குறைஞ்சிடும். சாயங்காலத்துக்குன்னு எந்தப் பிளானும் வைக்காதீங்க, காலையில ஏழு மணிக்கே கிளம்பிடுங்க.

அம்மாவை போர்ட் லூயிஸ்ல ஆப்ரவாசி காட் கூட்டிட்டுப் போங்க. 1834ல இருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கின துறை. 2006ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. அங்க இருக்கிற கல் படி கொஞ்சம்தான், ஏறுறது சிரமம் இல்ல. ரூபா நோட்டை வாங்கினதும் திருப்பிப் பாக்கச் சொல்லுங்க, தமிழ் எழுத்து இருக்கும். ரோட்டோரத்துல "கத்தோ பிமான்"னு சுடச்சுடத் தருவாங்க. கடிச்சுப் பாத்தா நம்ம பருப்பு வடை. பையன் வேற எதையும் சாப்பிட மாட்டான்.

கெடிலக்கரை

நான் கடலூர். நைரோபியில சில வருஷம் வேலை பார்த்தவன். கென்யா பத்தி என் பங்கு.

விசா முறையையே 2024 ஜனவரியில எடுத்துட்டு ஈ.டி.ஏ.ன்னு ஒரு பயண அனுமதி கொண்டு வந்துட்டாங்க. ஆன்லைன்ல ஆளுக்கு 30 டாலரும் மேல கொஞ்சம் சர்வீஸ் கட்டணமும். பிள்ளைங்களுக்கும் தனித்தனியாப் போடணும்.

மிருகம் பாக்கப் போற இடம் மாசாய் மாரா, புல்வெளிக் காப்பகம். மாராவுல பணம் எங்க போகுதுன்னா, முதல்ல நுழைவுக் கட்டணம். மாசாய் மாராவுக்கு வெளிநாட்டுப் பெரியவங்களுக்கு ஜனவரில இருந்து ஜூன் வரைக்கும் நாளைக்கு 100 டாலர். ஜூலையில இருந்து டிசம்பர் வரைக்கும் 200. டிக்கெட் 12 மணி நேரத்துக்குத்தான். அதனால போய்ச் சேர்ற அன்னைக்கும் கிளம்புற அன்னைக்கும் உள்ள போகாம, கேட்டுக்கு வெளியில இருக்கிற கேம்ப்ல தங்குங்க. நடுவுல ரெண்டு முழு நாள் காலையில ஆறு மணிக்கு உள்ள போய் சாயங்காலம் வரைக்கும் சுத்துங்க. மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக் குடுத்துடுவாங்க, மரத்தடியில வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுக்கலாம்.

அடுத்தது வண்டி. சஃபாரி வண்டிக்கு வாடகை வண்டிக்குத்தான், தலைக்கு இல்ல. டிரைவர், டீசலோட நாளைக்கு 200, 250 டாலர் ஆகும். ரெண்டு பேர் போனாலும் அதே, ஆறு பேர் போனாலும் அதே. ஏஜென்ட் உங்ககிட்ட தலைக்கணக்குச் சொன்னா, "வண்டி எவ்வளவு, கேம்ப் எவ்வளவு, பார்க் ஃபீஸ் எவ்வளவு"ன்னு மூணையும் தனியா எழுதி வாங்குங்க. எழுதித் தர மாட்டேன்னா வேற ஆளைப் பாருங்க.

மே மாசம் நீண்ட மழையோட கடைசி. மாரா மண்ணு நம்ம விருத்தாசலம் பக்கத்துக் கரிசல் மாதிரிதான், நனைஞ்சா சக்கரத்தைப் பிடிச்சுக்கும். அதனால கூரை திறக்கிற வேன் விலை குறைச்சல்னு அதை எடுக்காதீங்க, நாலு சக்கரமும் இழுக்கிற லேண்ட் குரூசர் கேளுங்க. இதுல மட்டும் மிச்சம் பிடிக்க வேணாம்.

சில்வர் பீச்

மே மாசம் போனா அந்த லட்சக்கணக்கான மாடு மாதிரி மிருகம் ஆறு தாண்டுறதைப் பாக்க முடியாதே? அது ஜூலை கடைசியில இருந்துதானே? அது இல்லாம மாராவுக்கு எதுக்குப் போறது?

கெடிலக்கரை

அந்த மிருகம், வைல்டுபீஸ்ட், பக்கத்து நாடு தான்சானியாவோட செரங்கெட்டியில இருந்து ஜூலை, ஆகஸ்ட்ல வந்து அக்டோபர் வரைக்கும் இருக்கும். உண்மைதான். ஆனா சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, கழுதைப்புலி எல்லாம் வருஷம் பூரா அங்கயேதான் குடியிருக்கு. சீசன்ல ஒரு சிங்கத்தைச் சுத்தி இருபது வண்டி நிக்கும். மே மாசம் உங்க வண்டி மட்டும் நிக்கலாம். புல் உயரமா இருக்கும், தேடணும், அவ்வளவுதான். கட்டணமும் பாதி.

பரப்பு பெருசா வேணும்னா சாவோன்னு ஒரு பூங்கா இருக்கு, கிழக்கு மேற்கு சேர்த்து 20,000 ச.கி.மீ.க்கு மேல. நம்ம கடலூர் மாவட்டமே 3,678தான். ஆனா அவ்வளவு பெரிய இடத்துல மிருகம் சிதறிக் கிடக்கும். குழந்தைங்களுக்குப் பொறுமை இருக்காது. மாரா 1,510 ச.கி.மீ., நம்ம மாவட்டத்துல பாதி கூட வராது. ஆனா நடுவுல நின்னு பாத்தா எந்தப் பக்கமும் ஒரு கம்பம் கூடக் கண்ணுல படாது. உங்க பையன் கேக்குற இடம் அதுதான்.

ஒண்ணு மறந்தேன். 2017ல இருந்து கென்யாவுல பிளாஸ்டிக் பைக்குத் தடை. நம்ம ஊர் பழக்கத்துல துணிக்கடை கவர்ல செருப்பைச் சுத்தி, மளிகைக் கடை கவர்ல துண்டைச் சுத்தி வைப்போம்ல, அதெல்லாம் வேணாம். துணிப்பை எடுத்துட்டுப் போங்க.

மருந்துப்பெட்டி

எல்லாரும் டிக்கெட் விலையிலேயே நிற்கிறீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

கென்யா மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடு. அங்கிருந்து இந்தியா திரும்புகிறவர் கையில் ஊசி போட்ட சான்று இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. கென்யாவிலிருந்து மொரீஷியஸ் போனாலும் சான்று கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். 2016 ஜூலைக்குப் பிறகு அது ஆயுள் முழுவதும் செல்லும் என்று உலக சுகாதார நிறுவனம் மாற்றிவிட்டது, ஒரு தரம் போட்டால் போதும். ஊர் டாக்டரிடம் போட்டுக்கொள்ள முடியாது, அனுமதி பெற்ற மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் ஒன்று. குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள், பாஸ்போர்ட் அசலோடு போக வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சிக்கல் இல்லை. முட்டை ஒவ்வாமை இருந்தால் மட்டும் முன்பே சொல்லுங்கள். உங்கள் மாமியார் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். இது உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. 60 வயதுக்கு மேல் முதன்முறை போட்டுக்கொள்கிறவர்களுக்குக் கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் போடவே கூடாது. அவருடைய மருந்துச்சீட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு, வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் முதலில் கேளுங்கள். அதன் பிறகு டிக்கெட் போடுங்கள்.

கடற்கரைச்சாலை

மருந்துப்பெட்டி சார், நீங்க சொன்னதும் வயித்தைக் கலக்கிடுச்சு. அம்மா மூட்டு வலிக்கு மெத்தோட்ரெக்ஸேட்தான் வாரம் ஒரு தரம் எடுக்கிறாங்க. இன்னைக்கு டாக்டர்கிட்ட போனோம். ஊசி வேணாம்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டார். அம்மா என்னடான்னா, "எனக்கு எதுக்குடி சிங்கம், நான் என் தம்பியைப் பாத்துட்டு வந்துடறேன், நீங்க போய்ட்டு வாங்க"ங்கிறாங்க. அவங்களைத் தனியா எப்படி அனுப்புறது?

சொல்தா பேரன்

மும்பையில யாராவது இருக்காங்களா? மொரீஷியஸ்–மும்பை நேரடி விமானம் இருக்கு. நடுவுல எங்கயும் மாற வேணாம். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டு வச்சா, ஏர்லைன்ஸ் ஆளே கதவு வரைக்கும் தள்ளிக் கொண்டாந்து விடுவாங்க. நடக்க முடிஞ்சவங்களுக்கும் குடுப்பாங்க, இமிக்ரேஷன் வரிசையும் மிச்சம். எங்க ஆயாவை அப்படித்தான் அனுப்புவோம்.

கடற்கரைச்சாலை

நாத்தனார் செம்பூர்லதான் இருக்காங்க! நாங்க நைரோபியில இருந்து திரும்புறதும் மும்பைக்குத்தான். அம்மா ஒரு வாரம் பொண்ணு வீட்ல இருந்துட்டு எங்களோட ஊருக்கு வந்துடலாம். கேட்டதுல இருந்து அம்மாவுக்கு ரெட்டைச் சந்தோஷம்.

வில்லியனூர் வாத்தியார்

சரி, இப்பத்தான் ஒரு பயணம் மாதிரி இருக்கு.

உப்பளம் கணக்கன்

பாதை ஓரளவு தெளிந்ததால் கணக்கை எடுத்தேன். டாலர் 90 ரூபாய், யூரோ 105 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். இன்றைய விலை எதுவாக இருந்தாலும் திட்டத்துக்குச் சற்றுத் தூக்கியே போட வேண்டும். ஆறு ராத்திரி மொரீஷியஸ், ஐந்து ரீயூனியன், ஐந்து கென்யா. தீவுகளுக்கு ஐந்து பேர், கென்யாவுக்கு நான்கு பேர்.

முதலில் போக்குவரத்து. புதுச்சேரி–சென்னை கார், சென்னை–மும்பை விமானம், போக வர எல்லாம் சேர்த்து 65,000. மும்பை–மொரீஷியஸ் ஒரு வழி ஆளுக்கு 24,000 என்றால் 1,20,000. சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடைக்கிற தேதி அமைந்தால் இதில் கொஞ்சம் குறையும். மொரீஷியஸ்–ரீயூனியன் முக்கால் மணி நேர விமானம்தான், ஆனால் போக வர ஆளுக்கு 17,000, ஆக 85,000. மொரீஷியஸ்–நைரோபி நான்கு பேருக்கு 1,04,000. நைரோபி–மும்பை நான்கு பேருக்கு 96,000. அம்மாவின் மும்பை டிக்கெட் 24,000. கூட்டினால் 4,94,000.

விசா, ஈ.டி.ஏ., ஊசி, இன்சூரன்ஸ் 80,000. அம்மாவின் வயதுக்கும் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பிரீமியம் கூடும், அதையும் சேர்த்தேன். தங்கல்: மொரீஷியஸ் 42,000, ரீயூனியன் 55,000, நைரோபியும் மாரா கேம்ப்பும் 95,000. சஃபாரி வண்டி நான்கு நாளுக்கு 80,000. மாரா நுழைவு இரண்டு நாளுக்கு, பிள்ளைகளுக்கான குறைந்த கட்டணத்தையும் சேர்த்து 54,000. இரண்டு தீவிலும் வாடகைக் கார், பெட்ரோல் 52,000. சாப்பாடும் சில்லறைச் செலவும் 60,000.

மொத்தம் 10,12,000. இதோடு எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் வைக்காமல் நான் யாரையும் வெளிநாடு அனுப்ப மாட்டேன். அப்போது 11,13,000.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். செலவில் கிட்டத்தட்டப் பாதி போக்குவரத்து. ஹோட்டலில் நட்சத்திரத்தைக் குறைத்து ஐயாயிரம், பத்தாயிரம் மிச்சம் பிடிக்கலாம். ஒரு விமானத்தை எடுத்துவிட்டால் லட்சத்தில் மிச்சம். ரீயூனியனை விட்டால் டிக்கெட், விசா, தங்கல், கார் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல். கென்யாவை விட்டால் மூன்று லட்சத்துக்கு மேல். பல நாட்டுப் பயணத்தில் நாட்டுக்கு நாடு தாண்டும் இடம்தான் பணத்தைத் தின்கிறது, நாட்டுக்குள் இருக்கும் நாட்கள் அல்ல. அதனால் எதையாவது எடுப்பதென்றால் முழு நாட்டையே எடுங்கள். எல்லா இடத்திலும் ஒவ்வொரு நாள் வெட்டினால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

சில்வர் பீச்

ரீயூனியன் விசா கிடைக்கலைன்னா அதுக்குப் பதிலா ரோட்ரிக்ஸ் போகலாமே? அதுவும் மொரீஷியஸ் நாட்டுக்குள்ளதான், ஒன்றரை மணி நேரம் விமானம், புது விசா வேணாம்.

உப்பளம் கணக்கன்

நல்ல யோசனை. மாற்றுத் திட்டமாக எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அங்கே இவருடைய மாமியாரின் தம்பி இல்லையே.

கடற்கரைச்சாலை

ரெண்டையும் விட மனசில்ல சார். ரீயூனியன் அம்மாவுக்கு, கென்யா பையனுக்கு. செலவைக் குறைக்க வேற வழி இருக்கா? சேன் தெனி மாமா மூணு ராத்திரி தன் வீட்லதான் தங்கணும்னு கட்டளை போட்டுட்டார். மேரி சான்றுக்கும் மனு குடுத்துட்டாராம்.

உப்பளம் கணக்கன்

அப்போது ரீயூனியன் தங்கலில் 33,000 போயிற்று. மொரீஷியஸில் காரை விட்டுவிட்டு மெட்ரோ, பஸ், இரண்டு நாள் டாக்ஸி என்று போனால் 10,000 மிச்சம். திரும்பும்போது மும்பையிலிருந்து விமானம் வேண்டாம். தாதர்–புதுச்சேரி எக்ஸ்பிரஸ் வாரம் மூன்று நாள் இருக்கிறது, மூன்றாம் வகுப்பு ஏசியில் ஏறினால் நேரே நம்ம ஸ்டேஷனில் இறங்கலாம். சென்னைக் காரும் மிச்சம். அதில் 22,500. ஆக 65,500 குறைந்து 9,46,500. அவசரத் தொகையோடு 10,41,150.

வில்லியனூர் வாத்தியார்

ஆப்பிரிக்கா போய்ட்டு வந்த உடம்போட ஒன்றரை நாள் ரயில்லயா?

உப்பளம் கணக்கன்

படுத்துக்கொண்டு வரலாம் வாத்தியாரே. விமானத்தில் அது முடியாது.

சொல்தா பேரன்

லாஸ்பேட்டை ஏர்போர்ட்ல இருந்து பெங்களூர் போய் அங்கிருந்து மும்பை போறேன்னு யாராவது யோசனை சொல்றதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன். தனித்தனி டிக்கெட்ல போனா, முதல் விமானம் லேட்டாகி ரெண்டாவது போயிடுச்சுன்னா பொறுப்பு உங்களோடது. ரீயூனியன்–மொரீஷியஸுக்கும் அதேதான். ரீயூனியன்ல இருந்து வந்து அன்னைக்கே நைரோபி விமானம் பிடிக்காதீங்க. ஆறு ராத்திரி மொரீஷியஸை மூணு மூணாப் பிரிச்சு, ரீயூனியனை நடுவுல வைங்க. காத்து மழைன்னு ஒரு நாள் தள்ளினாலும் தாங்கும். மே மாசம் புயல் சீசன் ஏறக்குறைய முடிஞ்சிருக்கும், அது பெரும்பாலும் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்தான். தானே புயலைப் பார்த்த நமக்குப் புயல்னா தெரியும். ஆனா 2007ல கமேட் புயல் அப்போ ரீயூனியன் மலையில ஒரு இடத்துல மூணே நாள்ல 3,929 மி.மீ. மழை பெஞ்சிருக்கு. கடலூருக்கு மூணு வருஷத்துல பெய்யுற மழை.

ரீயூனியன்ல கார் மாமா ஓட்டினா நல்லது. அங்க வலது பக்கம் ஓட்டணும். சிலாவோஸ்ங்கிற மலை ஊருக்குப் போற ரோட்ல 400 வளைவுன்னு கணக்குச் சொல்வாங்க, பிள்ளைங்களுக்கு வாந்தி மாத்திரை முதல்லயே குடுத்துடுங்க. நீங்களே எடுக்கிறதா இருந்தா, ஓட்டுறவர் பேர்ல உள்ள கிரெடிட் கார்டு வேணும். டெபாசிட்டை அதுல பிடிச்சு வைப்பாங்க, வெளிநாட்டுப் பணம் முன்கூட்டி ஏத்தி வைக்கிற ஃபாரெக்ஸ் கார்டை வாங்க மாட்டாங்க. ஆர்.டி.ஓ.வுல சர்வதேச லைசென்ஸும் எடுத்து வச்சுக்கிங்க.

பார்க்க ரெண்டு இடம் போதும். ஒண்ணு மைதோ. 2,200 மீட்டர் உயரத்துல நின்னு கீழ மஃபாத் பள்ளத்தாக்கைப் பாக்கலாம். அந்தப் பள்ளத்தாக்குக்கு ரோடே கிடையாது. உள்ள இருக்கிற கிராமங்களுக்கு நடந்து போகணும், இல்லன்னா ஹெலிகாப்டர். அரிசி மூட்டை கூட ஹெலிகாப்டர்லதான் இறங்கும். காலையில எட்டு மணிக்குள்ள அங்க நிக்கணும், ஒன்பது பத்துக்கு மேகம் வந்து மூடிடும். மாமா மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போலாம்னு சொன்னா ஒத்துக்காதீங்க. இன்னொண்ணு எரிமலை. பா த பெல்கோம்ப்ல நின்னு பிதோன் த லா ஃபுர்னேஸைப் பாக்கலாம். அது அடிக்கடி வெடிக்கிற மலை, வெடிக்க ஆரம்பிச்சா உள்ள இறங்குற பாதையை மூடிடுவாங்க. ரெண்டு இடத்துலயும் குளிர் எலும்பைத் துளைக்கும், தீவுதானேன்னு ஸ்வெட்டர் இல்லாமப் போகாதீங்க. அதே ஸ்வெட்டர் மாராவுலயும் விடியக்காலையில வேணும்.

மாமாவுக்குப் பால்கோவா, நெய் எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க. பால், கறிப் பொருளை ஏர்போர்ட்ல பிடுங்கிப் போட்டுடுவாங்க. வறுத்த பண்ருட்டி முந்திரி எடுத்துட்டுப் போங்க.

மருந்துப்பெட்டி

அம்மாவின் மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், டாக்டர் சீட்டோடு. மொரீஷியஸில் தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை விஷயத்தில் மிகவும் கண்டிப்பு.

உப்பளம் கணக்கன்

பணம் கட்டுவதில் இரண்டு குறிப்பு. கடை மெஷின் "ரூபாயில் கட்டவா, யூரோவில் கட்டவா" என்று கேட்டால் எப்போதும் அந்த ஊர் நாணயத்தையே அமுக்குங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைக்கிற மாற்று விலை மோசமாக இருக்கும். சாதாரணக் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் மார்க்கப் என்ற கூடுதல் கட்டணம், அதன் மேல் ஜி.எஸ்.டி. உண்டு. மார்க்கப் இல்லாத கார்டு ஒன்று எடுத்து வையுங்கள். ஏஜென்சியில் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது.

பெயரையும் பாருங்கள். நம் ஊர் பாஸ்போர்ட்டில் பாதிப் பேருக்குச் சர்நேம் கட்டம் காலி. சிலருக்கு இனிஷியல் விரிந்து அப்பா பெயராக இருக்கும். விசா, ஈ.டி.ஏ., டிக்கெட், ஊசிச் சான்று நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே மாதிரி இருக்கட்டும்.

கடற்கரைச்சாலை

எல்லாருக்கும் நன்றி. முடிவு பண்ணிட்டோம். மே 14 மொரீஷியஸ், 17 ரீயூனியன், 22 திரும்ப மொரீஷியஸ், 25 அம்மா மும்பைக்கு, நாங்க நைரோபிக்கு. 26, 27, 28 ராத்திரி மாரா கேம்ப், 29 நைரோபி, 30 மும்பை. பத்து லட்சத்து நாப்பதாயிரம். அந்த நாப்பதுக்கு என் பழைய ஸ்கூட்டி இன்னும் ஒரு வருஷம் ஓடணும். ஊசிக்கு அடுத்த வாரம் கிண்டி போறோம். ரீயூனியன் விசா கைக்கு வர்ற வரைக்கும், ரத்து பண்ணா பணம் திரும்பக் கிடைக்கிற அறைகளை மட்டும்தான் போட்டு வைக்கப் போறோம். விசா வரலைன்னா சில்வர் பீச் தம்பி சொன்ன ரோட்ரிக்ஸ்.

பண்ருட்டிப் பலா

அக்கா, இத்தனை நாளும் படிச்சுக்கிட்டே இருந்தேன். நாங்க புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அதே வாரம் கென்யா போறதா இருக்கோம். வண்டியில ஆறு பேர் உக்காரலாம்னா, மாரா நாலு நாளைக்கும் வாடகையைப் பங்கு போட்டுக்கலாமா?

கெடிலக்கரை

ஆறு பேருக்கும் ஜன்னல் சீட் இருக்கிற வண்டியான்னு மட்டும் கேட்டுக்கிங்க. நடு சீட்ல உக்கார்றவங்களுக்குப் பாதி மிருகம்தான் தெரியும்.

கடற்கரைச்சாலை

எங்களுக்குச் சம்மதம்தான். தலைக்கணக்குப் போட்டா எங்களுக்கு இருபத்தாறாயிரத்துக்கு மேல குறையுது. ஆனா எங்க விசா வர்றதுக்கு முன்னால யாருக்கும் அட்வான்ஸ் கட்டிடாதீங்க. வந்ததும் இங்கயே எழுதறேன். விடியக்காலையில அஞ்சரைக்குக் கிளம்பணும், பையன் வழி பூரா பேசிக்கிட்டே வருவான். அது பரவாயில்லையான்னு வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்க.